மருமகனை உட்கார வைத்த வெள்ளிக்கிழமை

வெர்ன் குபாலா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ஈரி நகரத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் அவர் சொல்லிவிட்டார் என்றுதான் பேசிக்கொண்டு திரிகிறார்கள். சொல்லவே இல்லை. அவருடைய பத்தியில் எழுதவில்லை, வானொலியில் உளறவில்லை, கூடப் பிறந்த தங்கை லோரெட்டாவிடம்கூட மூச்சு விடவில்லை. ஆறு நாள் வாயைக் கட்டிப்போட்டிருந்தார். கட்டைவிரலைத்தான் கட்டிப்போட மறந்துவிட்டார்.

ரயில் இன்ஜின் பட்டறையில் இருபது வருஷம் வெல்டிங் பார்த்தவர் வெர்ன். பட்டறையில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவர், சும்மா இருக்க முடியாமல், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் பற்றி எழுத ஆரம்பித்தார். அதுவே பிழைப்பாகிவிட்டது. சமையலறை மேசையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால், நாட்டில் எந்த ஆட்டக்காரனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, எவன் பயிற்சிக்கு வரவில்லை, எவன் பெண்டாட்டியின் பிரசவத்துக்குப் போயிருக்கிறான், எல்லாம் அவர் கண் முன்னால் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரிகள். முதல் வரி செய்தி. இரண்டாவது வரி, அதனால் உனக்கு என்ன என்பது. நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் காகிதத்தில் ஒரு கனவு அணி சேர்த்து, அவர்கள் களத்தில் செய்வதைப் பாயின்ட்டாக எண்ணி ஆடுகிறவர்களுக்கான வரி அது. இவனை உன் கனவு அணியில் இறக்கு, அவனை உட்கார வை, இன்னொருவன் நான்கு பந்துக்கு மேல் பிடிப்பான், துணிந்து பந்தயம் கட்டு. நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். அதில் பாதிப் பேர் அவரை "வெர்ன் மாமா" என்றே கூப்பிட்டார்கள்.

அந்த மாமா பட்டத்துக்குக் காரணம் வேட். லோரெட்டாவின் மகன் வேட் சோபோல், இருபத்தாறு வயது. மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஃபெர்ரிமென் அணியில் ஆடினான். ஆடினான் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் தாராளம்தான். பந்து பிடிக்கிற அவன் இடத்துக்கு இருப்பவர்களில் மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரில் ஒருவனுக்குக் கால் மடங்கினால் இவனுக்கு அழைப்பு வரும், கால் சரியானால் மறுபடி பயிற்சிக் கூட்டத்தோடு போய் நிற்பான். ஆனால் அவன் பெயர் எப்போதெல்லாம் அணிப் பட்டியலில் ஏறுகிறதோ, அப்போதெல்லாம் வெர்ன் தன் சொந்தக் கனவு அணியில் அவனை இறக்கிவிடுவார். அவன் பாயின்ட் எடுப்பானா மாட்டானா என்ற பேச்சே கிடையாது. பத்தியின் கடைசியில் வாரம் தவறாமல் ஒரு வரி வரும்: "வழக்கம்போல என் மருமகன் இறங்குகிறான். நீங்கள் இந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்யாதீர்கள்." வாசகர்கள் அதற்கு மாமன் விதி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்தி வெளியாகும் இணையதளத்தின் ஆசிரியர் டெரெக், வெர்னின் சொந்த அணியையே அந்தப் பத்தியின் அடியில், மாற்ற மாற்ற உடனே எல்லோருக்கும் தெரியும்படி வைத்தான். ஊருக்கு உபதேசம் சொல்கிறவன் தான் என்ன செய்கிறான் என்று ஊரும் பார்க்கட்டுமே என்பது அவன் யோசனை. வெர்ன் சரி என்றார். சொன்னதோடு மறந்தும் போனார். தான் எழுதியதைத் தானே அடிவரை போய்ப் படிக்கிறவர் யார்?

நவம்பர் மாதம் அணிக்கு ஆட்டம் இல்லாத வாரம் வந்தது. வேட் ஊருக்கு வந்திருந்தான். அடுத்த வாரம் மான் வேட்டை தொடங்குகிறது, இறைச்சி வைக்க வெர்ன் ஒரு பழைய ஃப்ரீசர் உறைபெட்டி வாங்கியிருந்தார். சவப்பெட்டி அளவு இருந்தது அது. ஐம்பத்தாறு வயதில் தனியாக நிலவறைக்கு இறக்க முடியுமா? சனிக்கிழமை காலை மருமகனுக்கு ஃபோன் போட்டார்.

"ரெண்டு ஆள் கூலி கேக்குறான் மாப்ள. நீ வந்தா ஒரு பீரோட முடிஞ்சுடும்."

"பீரு நல்லதா இருக்கணும் மாமா. போன தடவை குடுத்தது சோப்புத் தண்ணி."

ஏழாவது படியில் வெர்னின் கால் வழுக்கியது. வேட்டுடையது இல்லை, வெர்னுடையது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேட்டின் இடது கையைச் சுவரோடு வைத்து நசுக்கியது. பையன் கத்தவில்லை. பெட்டியைத் தோளால் தாங்கிக்கொண்டு, "நகருங்க மாமா, மொதல்ல நீங்க நகருங்க" என்றுதான் சொன்னான். பெட்டியைக் கீழே கொண்டுபோய் வைத்த பிறகுதான் படியில் உட்கார்ந்தான். கை அதற்குள் ரொட்டி மாவு மாதிரி உப்பிவிட்டது.

வெர்ன் அவனைப் பக்கத்து ஊர் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். உள்ளங்கை எலும்பில் முடி அளவு விரிசல் என்றார்கள். ஆறு வாரம் ஆகுமாம். திரும்பி வரும் வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தச் சொன்னான் வேட்.

"மாமா, இது வெளியில தெரியக் கூடாது."

"அணி டாக்டர்கிட்டயாவது சொல்லித்தான ஆகணும்?"

"ஆட்டத்துலயோ பயிற்சியிலயோ பட்டிருந்தா ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அவங்களே பாத்துக்குவாங்க, கணக்கும் ஓடும். இது உங்க வீட்டுப் படிக்கட்டுல பட்டது. வெளியில பட்ட அடின்னு தனிப் பட்டியல்ல தூக்கிப் போட்டுடுவாங்க. அங்க இருக்கிற நாள் ஒண்ணும் கணக்குல சேராது."

என்ன கணக்கு என்று வெர்னுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பருவத்தில் மூன்று ஆட்டங்களுக்குப் பெயர் பட்டியலில் இருந்தால் அந்த வருஷம் ஒரு வருஷமாக எண்ணப்படும். அப்படி மூன்று வருஷம் சேர்ந்தால் ஓய்வூதியம் உறுதி. அதைவிட முக்கியம், விளையாட்டை விட்ட பிறகும் ஐந்து வருஷத்துக்குக் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு. வேட் இரண்டு வருஷம் முடித்திருந்தான். இந்த மூன்றாவது வருஷத்தில் இரண்டு ஆட்டம் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. அவனுக்கும் மனைவி ஜென்னாவுக்கும் மகளான ஜூனி மேலண்ணத்தில் பிளவோடு பிறந்தவள். இரண்டு அறுவை சிகிச்சை ஆகி, மூன்றாவதை வசந்த காலத்தில் செய்யலாம் என்று நாள் குறித்திருந்தார்கள்.

"நான் களத்துல எறங்கணும்னுகூட இல்ல மாமா. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் என் பேரு பட்டியல்ல இருந்தாப் போதும். நாலு மணிக்கு மேல அந்த வாரத்துக்கு யாரும் பேர எடுக்க முடியாது."

"பயிற்சியில எப்படிடா மறைப்ப?"

"எங்க ஆளுங்க எல்லாருமே விரலச் சுத்தித்தான் டேப் ஒட்டுறோம். கூட நாலு சுத்து. ரெண்டு பந்த விட்டுடுவேன், கோச் திட்டுவாரு. அது என்ன புதுசா?" அவன் சிரித்தான். "உங்களுக்கும் ஜென்னாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாகிட்டகூட வேணாம். நீங்க வேற ஊர் உலகத்துக்கே செய்தி சொல்றவரு."

"என் வாயில இருந்து வந்தா என்னைச் செருப்பால அடி" என்றார் வெர்ன். மனதாரச் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை, குடும்பமெல்லாம் கூடிச் சாப்பிடுகிற நன்றி நாள் விருந்து லோரெட்டாவின் வீட்டில். காலைப் பயிற்சி முடிந்து வேட் நேராக வண்டியை விட்டுக்கொண்டு வந்திருந்தான். மனைவி ஜென்னா, குழந்தை, ஜென்னாவின் தம்பி கைல் எல்லோரும் இருந்தார்கள். இந்தக் கைல் வாரா வாரம் பந்தயம் கட்டி வாரா வாரம் புலம்புகிற ஜாதி. மேசையில் வான்கோழி, அதற்குப் பக்கத்தில் லோரெட்டாவின் உருளைக்கிழங்கு அடைத்த பிரோகிக் கொழுக்கட்டை ஒரு மலை. வேட் ஸ்வெட்டர் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டிருந்தான். வலது கையால் முட்கரண்டியைப் பிடித்தவன், கத்தியை எடுக்க முடியாமல் இறைச்சியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வெர்ன் அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார்.

லோரெட்டா விடுவாளா? "இருபத்தாறு வயசுப் பயலுக்கு ஊட்டியும் விட்டுடு அண்ணா. அப்படியே கழுத்துல ஒரு எச்சில் துணியும் கட்டிவிடு."

"என் மருமகன், நான் வெட்டுவேன், ஊட்டுவேன். உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

எல்லோரும் சிரித்தார்கள். கைல் மட்டும் வேட்டின் ஸ்வெட்டர் கையை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தான். வெர்ன் அதைக் கவனித்து, உடனே அவனிடம் போன வாரம் எவ்வளவு விட்டாய் என்று கேட்டுப் பேச்சைத் திருப்பினார். அவ்வளவு உஷாராக இருந்தார் மனுஷர்.

பாத்திரம் கழுவும்போது லோரெட்டா கேட்டாள், "ஞாயித்துக்கிழமை வேட்ட இறக்குறேல்ல?"

"நான் என்னிக்கு அவன இறக்காம இருந்தேன்?"

"சும்மா கேட்டேன். உன்னோட அந்தப் பொம்மை அணியில அவன் பேரப் பாத்தா ஏதோ ஒரு சந்தோஷம். அவங்க அப்பா இருந்திருந்தா அவரும் பாத்திருப்பாரு."

இனி வெள்ளிக்கிழமை. இதை எழுதும்போதே எனக்கு வெர்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

வெர்னின் சொந்த லீக் என்பது பன்னிரண்டு சிநேகிதர்கள். எல்லோரும் பழைய பட்டறை ஆட்கள், இருபத்திரண்டு வருஷமாகக் கனவு அணி ஆடுகிறவர்கள். தலைமையகம் அவர்களில் ஒருவனான கஸ்ஸின் மதுக்கடை. அங்கே முதலிடம் வந்தவனை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி இடம் வந்தவனைத்தான் மறக்க மாட்டார்கள். கடைசியாக வருகிறவன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை வான்கோழி வேஷம் போட்டு, கையில் பலகையோடு, நகரத்தின் பெரிய நாற்சந்தியில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். பனி கொட்டினாலும் நிற்க வேண்டும். ஈரியில் பனி கொட்டாத டிசம்பர் ஏது? இந்த வருஷம் வெர்ன் கடைசிக்கு முந்தைய இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தார். நாற்பதாயிரம் பேருக்கு ஆலோசனை சொல்கிற மனுஷர்! அந்த வாரம் அவருக்கு எதிராளி கஸ்ஸேதான். தோற்றால் கடைசி இடம் உறுதி.

மதியம் மீன் வறுவல் சாப்பிடப் போனார். கஸ் பலகையை ஏற்கெனவே எழுதி, பெயின்ட் காய வைத்திருந்தான். "நான் ஃபுட்பால் ஆலோசகர். என் பேச்சைக் கேட்டவர்கள் வண்டியின் ஹாரனை அடிக்கவும்."

"எழுத்து எப்படி? தங்கச் சரிகை வேணும்னா சொல்லு, அடிச்சுடலாம்" என்றான் கஸ்.

"ஆட்டம் முடியட்டும்டா."

"என்னத்த முடியறது? உன் அணியில ஒரு எடத்த வருஷா வருஷம் சொந்தக்காரப் பயலுக்குத் தானம் பண்ணிட்டு உக்காந்திருக்க. இந்த வாரமாவது உன் மருமகன் ஒரு பந்து பிடிப்பானா?"

"பிடிப்பான்."

"பிடிச்சான்னா இந்த இறகுச் சட்டைய நான் போட்டுக்கிறேன், போ."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் வெர்ன் இரண்டு மடங்கு கொடுத்திருப்பார். அன்றைக்குத் தட்டில் இருந்த மீனைக் கிளறிக்கொண்டிருந்தார். பையன் பிடிக்க மாட்டான் என்று அந்தக் கடையிலேயே அவருக்கு ஒருத்தருக்குத்தான் தெரியும். உடைந்த கை. சைபர். எழுதி வைத்த சைபர். கம்பியில் தொங்கிய வான்கோழிச் சட்டை, அதன் மஞ்சள் கால்கள், பலகை, நாற்சந்தியில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போவது, அதை எவனாவது படம் பிடித்து நாற்பதாயிரம் பேருக்கும் அனுப்புவது, எல்லாம் கண் முன்னால் ஓடியது. மானம் கப்பலேறப் போகிறது.

அவரிடம் இன்னொரு ஆள் இருந்தான். வேட் ஆடுகிற அதே இடத்துக்குப் பொருந்துகிறவன், கை கால் நன்றாக இருக்கிறவன். ஆனால் அவனுடைய ஆட்டம் அன்றைக்கு, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே தொடங்குகிறது. வைப்பதென்றால் மூன்றுக்குள் வைக்க வேண்டும். இதில்தான் விதி விளையாடியது என்று வெர்ன் பிற்பாடு சொல்லிக்கொள்வார். விதியாவது மண்ணாவது. ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற வேறு ஒருவனை அந்த ஞாயிறு காலையில் எடுத்து வைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? அதற்குள் சனிக்கிழமை நாலு மணி தாண்டியிருக்குமே. அந்த நிமிஷம் அவருக்கு அது தோன்றவில்லை. இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்ன புத்திதான் தோன்றியது: உடம்பு சரியில்லாதவனை உட்கார வை.

யாரிடமும் சொல்லவில்லையே, ஒரு பொத்தானை அழுத்துகிறேன், அவ்வளவுதானே. இது நம் பன்னிரண்டு பேர் விளையாட்டு. மணி இரண்டு ஐம்பத்தாறு. மேசைக்கு அடியில் ஃபோனை வைத்து வேட்டின் பெயரைத் தொட்டார், வெளியே உட்கார வைத்தார், மற்றவனை ஏற்றினார். பிறகு நிம்மதியாக இன்னொரு மீன் துண்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மீனை நினைத்தால் அவருக்கு இப்போதும் குமட்டுகிறது.

மூன்று இருபதுக்கு ஃபோன் அதிர்ந்தது. யாரோ ஒரு வாசகர். "வெர்ன் மாமா, மருமகனுக்கு என்ன ஆச்சு?"

வெர்னுக்கு முதலில் புரியவில்லை. அடுத்து இன்னொன்று வந்தது. "மாமன் விதி உடைந்தது! சோபோலுக்கு ஏதோ அடி. எல்லாரும் விலகுங்கள்." அதற்கடுத்து ஒரு படம். அவருடைய பத்தியின் அடிப்பகுதி. அதில் அவருடைய அணி. அதில் வெளியே உட்கார வைக்கப்பட்ட இடத்தில், வேட் சோபோல்.

அங்கேயே, அந்த மேசையிலேயே, வேட்டை மறுபடி ஏற்றப் பார்த்தார். மற்றவன் ஆட்டம் தொடங்கிவிட்டது. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். எத்தனை தடவை தொட்டாலும் பூட்டு பூட்டாகவே இருந்தது.

வாசலுக்கு வருவதற்குள் டெரெக்கின் அழைப்பு வந்துவிட்டது. "வெர்ன், என்ன இது? தளமே ஆடுது. பந்தயக் கம்பெனிங்க ரெண்டு பேரு சோபோல் மேல பந்தயத்தையே தூக்கிட்டானுங்க. அவனுக்கு என்ன அடி? ரெண்டு வரி குடு, போதும்."

"அடியும் இல்ல ஒண்ணும் இல்ல. கஸ்ஸ ஜெயிக்கணும்னு மாத்தினேன்."

"மூணு வருஷமா மாத்தாதவன் இன்னிக்கு மாத்துற. நாற்பதாயிரம் பேரு நம்புவானா?"

"நம்பலன்னா போகச் சொல்லு!" என்று நடுத்தெருவில் கத்தினார் வெர்ன்.

வீட்டுக்கு ஓடிவந்து பத்தியிலும் எழுதினார். வான்கோழி வேஷத்துக்குப் பயந்து மருமகனைக் கைவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேலியாக எழுதினார். பாருங்கள் கூத்தை. அவர் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஒரு ஆளும் நம்பவில்லை. மாமா மறைக்கிறார், அப்படியானால் அடி பெரிசுதான் என்று அதற்கும் பொருள் சொன்னார்கள். அன்று மாலை ஃபெர்ரிமென் அணியின் கோச்சிடம் ஒரு நிருபர், சோபோல் நலமா, அவருடைய மாமாவே உட்கார வைத்திருக்கிறாரே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கோச் சிரிக்கவில்லை. "யார் அந்த மாமா?" என்றார்.

வெர்ன் வேட்டை ஃபோனில் கூப்பிட்டார். இரண்டு தடவை. இரண்டு தடவையும் மணி நான்காவது முறை அடிப்பதற்குள் தானே வைத்துவிட்டார். எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? டேப்பை இன்னும் நாலு சுற்று சுற்றிக்கொள் என்றா? ஆனாலும் கூப்பிட்டிருக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பையன் எதையாவது யோசித்து வைத்திருப்பான். பயம். தன் மருமகன் குரலுக்கே பயந்துபோனார்.

சனிக்கிழமை காலையிலிருந்து சமையலறை மேசையை விட்டு எழவில்லை. ஊரே மான் வேட்டைக்குப் போயிருந்தது. கண்ணுக்கு முன்னால் திரை, திரைக்கு மேலே கடிகாரம். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது, ஒன்றும் வரவில்லை. மூன்று மணிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஆண்டவனே, இந்த ஒரு மணி நேரத்தைத் தள்ளிவிடு, அந்த இறகுச் சட்டையை வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று வாய்விட்டே சொன்னார். மூன்று நாற்பத்திரண்டுக்கு வந்தது. அணியின் அறிவிப்பு. மற்ற எல்லாச் செய்தியையும் போல, இரண்டு வரியாக எழுதச் சொல்லி அவருடைய வரிசையிலேயே வந்து விழுந்தது.

வெர்ன் முதல் வரியை எழுதினார். "வேட் சோபோல் (இடது கை), ஃபுட்பாலுக்கு வெளியே பட்ட அடி காரணமாக அணிப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டார்." இரண்டாவது வரிக்குக் கை வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே விட்டிருந்தார். கடைசியில் டெரெக்தான் அங்கிருந்து நிரப்பினான். "இவரை வைத்திருப்பவர்கள் தயங்காமல் விட்டுவிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை வெர்ன் ஜெயித்தார். கஸ்ஸுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஃபோன் பண்ணிக் கேலி செய்யவில்லை, பலகையைப் பற்றிப் பேசவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வேட் வந்தான். இடது கையில் முழங்கைவரை வெள்ளைக் கட்டு. வலது கையில் லோரெட்டா சுட்டுக் கொடுத்தனுப்பிய பூசணிப் பலகாரம், தட்டோடு. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"அம்மா குடுத்தாங்க. சாப்பிட்டீங்களா மாமா? என்ன இது, மூஞ்சி இப்படி இருக்கு?"

வெர்ன் நாற்காலியை இழுத்துப் போட்டார். வாயைத் திறந்தார். பையன் முந்திக்கொண்டான்.

"கோச் சொல்லி டிரெய்னர் வந்து கத்தரிக்கோலால டேப்ப வெட்டினாரு. எங்க பட்டதுன்னு கேட்டாரு. பயிற்சியிலன்னு சொல்லிடலாம்னு பாத்தேன். ஒவ்வொரு பயிற்சிக்கும் படம் எடுத்து வெச்சிருக்கானுங்க மாமா, எங்கன்னு காட்டுவேன்? உள்ளதச் சொல்லிட்டேன். பதினெட்டு நிமிஷம். நாலு மணிக்குப் பதினெட்டு நிமிஷம் இருந்துச்சு."

"அடுத்த வருஷம்..." என்று இழுத்தார் வெர்ன்.

"மூணாவது ஆளு, உடைஞ்ச கை, மறைச்சவன்னு பேரு வேற. யாரு கூப்பிடுவா?" அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவன். "ஜூனிக்கு ஆபரேஷனத் தள்ளிப் போடலாமான்னு ஜென்னா கேட்டுப் பாக்குறா. விடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க வாயத் தொறக்கலன்னு எனக்குத் தெரியும் மாமா. உங்க வேலையே செய்தி சொல்றது, இது உங்க மடியில வந்து விழுந்த செய்தி. அப்படியும் அடக்கி வெச்சிருந்தீங்க. ஜென்னாகிட்டகூடச் சொன்னேன்."

வேட் தன் வாழ்நாளில் ஒரு கனவு அணிப் பக்கத்தையும் திறந்து பார்த்தவன் இல்லை. ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் முன்பின் தெரியாதவன் எல்லாம் தங்களைத் திட்டியிருப்பான் என்று தெரியும்.

"வெளிய விட்டது கைல்" என்றான் வேட். "விருந்தன்னிக்கு என் கையப் பாத்தான், நானே கவனிச்சேன். எங்கயோ போய்ப் பந்தயத்துக்குப் பேசியிருக்கான். சத்தியம் பண்றான், அழறான், நான் நம்பல. நேத்து வீட்ட விட்டுப் போடான்னுட்டேன். ஜென்னாவும் அவன்கூடப் பேசுறதில்ல."

வெர்னுக்கு அந்த நொடியில் வழி திறந்தே இருந்தது. ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும். பேசாமல் இருப்பதில்தான் அவர் ஆறு நாள் பழகியிருந்தாரே. பூசணிப் பலகாரத்தைப் பார்த்தார். லோரெட்டா ஓரத்தில் முட்கரண்டியால் அழுத்தி வைத்திருந்த வரிகளைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து, பத்தியின் அடிவரை தள்ளி, மருமகன் முன்னால் வைத்தார்.

"கைல் இல்லடா. நான்."

வேட் குனிந்து பார்த்தான். புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் பெயரைக் கண்டுபிடித்து, அது எங்கே இருக்கிறது என்று பார்த்து, அப்புறம் மாற்றிய தேதியையும் நேரத்தையும் படித்தான். வெர்ன் எல்லாவற்றையும் சொன்னார். பலகை, மஞ்சள் கால், ஹாரன், மீன். எதையும் விடவில்லை, எதையும் நியாயப்படுத்தவும் இல்லை. "மறந்துட்டேன்டா. அது அங்க எல்லாருக்கும் தெரியும்கிறதே மறந்துபோச்சு. வாயத்தான் காவல் காத்துக்கிட்டிருந்தேன்" என்று முடித்தார்.

கீழே நிலவறையில் உறைபெட்டி ஓடும் சத்தம் கேட்டது. அதில் இன்னும் ஒரு துண்டு இறைச்சிகூட வைக்கவில்லை.

"எனக்குப் பதிலா வெச்சீங்களே, அவன் எத்தனை பாயின்ட் எடுத்தான்?"

"ஆறு."

"எத்தனையில ஜெயிச்சீங்க?"

வெர்ன் தலையைக் குனிந்துகொண்டார். "முப்பத்தொண்ணு."

பையன் மனதுக்குள் கழித்துப் பார்த்தான். உதடு அசைந்தது தெரிந்தது.

"அப்ப நான் சைபர் எடுத்திருந்தாலும் ஜெயிச்சிருப்பீங்க."

"ஆமா."

"சரி" என்றான் வேட். எழுந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால், அந்தத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருந்தால், வெர்ன் அவன் காலில் விழுந்திருப்பார். அவன் நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு, வெளியே போய் வாசல் படியில் நின்றான். ஏரிப் பக்கமிருந்து பனி விழ ஆரம்பித்திருந்தது. கட்டுப்போட்ட கையால் ஃபோனை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஒரு எண்ணைத் தேடினான். கதவு பாதி திறந்தே கிடந்ததால் வெர்னுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"கைல், நான்தான்டா. வெச்சுடாத... தப்பு என்னோடது, வீட்டுக்கு வா... இல்லடா, நீ இல்ல. யாருன்னு தெரிஞ்சுபோச்சு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்:

"எங்க மாமா."